அம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் சபையில் ஆர்மோனியம் கிடையாது, மேளம் கிடையாது. அம்மா இருந்தாள். உபதேசியார் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து மாட்டுவதற்குள் அம்மா முதல் அடியை எடுத்துக் கொடுத்திருப்பாள், நாற்பது பேரும் பின்னால் சேர்ந்திருப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் ஏலத்தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்த்தது; முதலாளி வேறு ஆள். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் ஆலயம். மாதம் ஒரு தடவை மலையாளத்துப் பாதிரியார், எங்களுக்கு அச்சன், வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகள் உபதேசியாருடையவை, அதாவது அம்மாவுடையவை.

பாட்டு எடுத்துக் கொடுப்பதை லேசாக நினைத்துவிடக் கூடாது. உயரத்தில் ஆரம்பித்தால் நான்காவது சரணம் வரும்போது ஆண்கள் எல்லாரும் வாயை மட்டும் அசைப்பார்கள். தாழ்வாக ஆரம்பித்தால் பெண்கள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள், யாருக்குச் சளி, கூரையில் மழை எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அம்மா சுருதி பிடிப்பாள். கம்பத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வயதில் கல்யாணமாகி மலையேறி வந்தவள். பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் எண்ணைச் சொன்னால் ராகம் தானாக வந்துவிடும். ஒரு தடவை உபதேசியார் தவறுதலாகக் கல்யாணப் பாட்டின் எண்ணைத் துக்க வீட்டில் சொல்லிவிட்டார். அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி சரியான பாட்டை ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த மனிதர் அவளைப் பார்த்தாலே பாதை மாறிப் போனார்.

அடக்கமான பெண் என்று அவளைச் சொல்ல முடியாது. பிரசங்கத்தை அவள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த பாட்டுக்கான சுருதியை மூக்குக்குள் தேடிக்கொண்டிருப்பாள். ஆராதனை முடிந்து வீடு வரும் வழியெல்லாம் யார் எங்கே இழுத்தார்கள், யார் எங்கே தப்பினார்கள் என்ற விசாரணை நடக்கும்.

"இவ பரலோகம் போனாலும் தேவதூதனுக்குச் சுருதி சொல்லிக் குடுப்பா" என்பார் அப்பா. அவர் காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான்.

"குடுக்கத்தேன் வேணும். தப்பாப் பாடுனா?" என்பாள் அம்மா.

அவளுக்கு வேறு ஆசைகளும் இருந்தன. கருவாடு, கருப்பட்டிக் காப்பி, கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோர இடம். அந்த ஜன்னலோர இடத்துக்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறாள். பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டாள். ஆனால் இதெல்லாம் பாட்டுக்குப் பிறகுதான்.

பாட்டு ஆலயத்தோடு நிற்கவில்லை, வேலைக்கும் வந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மேலே காய்க்காது. தூரில், தரையோடு படர்ந்த சரங்களில் காய்க்கும். காய் எடுப்புக்குப் போகிற பெண்கள் தூருக்குத் தூர் குத்தவைத்தே நகர வேண்டும். பத்தடி தள்ளி இருப்பவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். மஞ்சு மூடுபனியாக இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியே தெரியாது. யானை வருகிற இடம் வேறு. அதனால் ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டேதான் நகர்வார்கள். எந்தக் குரல் எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் வரிசை கலையாமல் போகும். அம்மா இருக்கிற குழுவில் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவள் பாடிக்கொண்டே போவாள், மற்றவர்கள் அந்தப் பாட்டுக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்று தங்களை வைத்துக்கொள்வார்கள். "காய எடுக்கச் சொன்னா கச்சேரி வைக்குறாக" என்று கங்காணி சலித்துக்கொள்வார். மஞ்சு இறங்குகிற நாளில் அவளை நடு வரிசையில் போடுகிறவரும் அவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அவள் கழுத்தில் கழலை தெரிய ஆரம்பித்தது. மலையில் அது அதிசயமில்லை. எங்கள் லயத்திலேயே மூன்று பெண்களுக்கு இருந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு, பிறகு எலுமிச்சை அளவு. எனக்குப் பதினான்கு வயது முடிவதற்குள் ஒரு மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு மறைத்துக்கொண்டாள். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். சோறு தொண்டையில் நின்று, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தது. பாடும்போது அடியின் நடுவில் மூச்சு வாங்கினாள். ஆனாலும் குரல் அப்படியே இருந்தது.

"கொரல் நல்லாத்தேன இருக்கு. பெறகென்ன?" என்பதுதான் அவள் வாதம்.

அவளை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பத்து நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தப் பத்து நாளும் வீட்டில் இருக்க முடியவில்லை. பாத்திரங்கள் உருண்டன. அப்பா ஸ்டோரிலேயே சாப்பிட்டார். "கொரல் இல்லாம இருக்கறதுக்கு மண்ணுக்குள்ள போயிரலாம்" என்று என்னிடமே சொன்னாள். அதை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் எடுப்பில் மூச்சு முட்டி விழுந்துவிட்டாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழே கம்பத்துக்குப் போயிருந்தால் தமிழ் டாக்டர் இருந்திருப்பார். ஆனால் எஸ்டேட் சீட்டு மேற்கே, கேரளத்துச் சமவெளியில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது கடைவீதி மலையாளம். அரிசி வாங்கலாம், பஸ் கேட்கலாம். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தேன். எஸ்டேட்டில் எந்த வீட்டிலும் அப்படித்தான். டாக்டரிடமும் வில்லேஜ் ஆபீசிலும் பேசுவதற்குப் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போவார்கள். பெரியவர்கள் உயிர் போகிற விஷயத்தைக்கூடப் பதினான்கு வயதுப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்போது பெருமையாக இருந்தது.

அப்பா ஆஸ்பத்திரி வாடை பிடிக்காமல் வெளி வராந்தாவிலேயே பையோடு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அம்மாவைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து என்னை எதிரில் உட்கார வைத்துத் தாழ்ந்த குரலில் மலையாளத்தில் பேசினார். நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டினார். கழலை மூச்சுக்குழாயை அழுத்துகிறது. எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம்கூட உறுதியில்லை. ஆனால் கழலைக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு இருக்கிறது. இவ்வளவு பெரிய கழலையை எடுக்கும்போது அந்த நரம்பு தப்புவது கடினம். பேச்சு கரகரப்பாகிவிடலாம். பாட்டு போயே போய்விடும் என்று வைத்துக்கொள்.

கடைசியாக, "அம்மா பாடுகிறவரா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். அதை மட்டும் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அப்படியானால் நான் சொன்னதை அவரிடம் சொல். சொல்லிவிட்டு, சம்மதமா என்று கேட்டு வா."

திரையை விலக்கி உள்ளே போனேன். அம்மா தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து முந்தானையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். ஒரு வருஷத்தில் செத்துப்போவாள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்றாள்.

"காலைல என்ன சாப்ட்டேன்னு கேக்குறாரு."

"கஞ்சி குடிச்சேன்னு சொல்லு."

நான் வெளியே வந்தேன். "சம்மதம் என்று சொல்கிறார்" என்றேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அப்பாவைக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கினார்கள். கழலையை எடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கினாள். சோற்றைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். பேச்சு மட்டும் காற்றாக வந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்று, ஆறு மாதத்தில் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். "ஆறு மாசத்துல சரியாயிரும்னு சொல்றாரு" என்று அம்மாவிடம் சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்ன வாய்க்கு அடுத்தது சுலபமாக வந்தது.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உபதேசியார் ஜெபத்தில் அம்மாவுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு எண்ணைச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். நாற்பது பேரும் அசையாமல் நின்றார்கள். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை பயந்துபோய் ஏதோ ஓர் உயரத்தில் ஆரம்பித்தாள். மூன்றாவது சரணத்திலேயே பாட்டு செத்துவிட்டது. அம்மா உட்காரவில்லை, கடைசிவரை நின்றாள். வழியில் யாரைப் பற்றியும் விசாரணை நடத்தவில்லை.

ஆறு மாதம் அவள் காத்திருந்தாள். ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது ஆள் இல்லாத இடத்தில் முயன்று பார்ப்பாள். நான் பின்னால் குடத்தோடு வருவேன். ஆறு மாதம் ஆனதும், "டாக்டர் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றாள். எட்டாவது மாதத்தில் முயல்வதை விட்டுவிட்டாள். குரல் கரகரப்போடு அப்படியே நின்றுவிட்டது. பேசலாம், திட்டலாம். பாட முடியாது.

அடுத்த எடுப்பில் கங்காணி அவளை ஓரத்து வரிசையில் போட்டார். ஒரு நாள் மஞ்சில் இரண்டு பெண்கள் வழி தப்பி வேறு பள்ளத்துக்கு இறங்கிவிட்டார்கள். தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மறுநாள் அம்மா ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நாலு தூருக்கு ஒரு தடவை கத்திப் பிடியால் அதில் தட்டுவாள். சும்மா தட்டவில்லை. பாட்டின் தாளத்தைத் தட்டினாள். இரண்டாம் நாளே பெண்கள் எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "ஏத்தா, தகரம் இன்னைக்கு என்ன பாட்டுப் பாடுது?" என்று கேலி செய்வார்கள். தப்பான பாட்டைப் பாடினால் தகரத்தை ஓங்கி ஒரு தட்டு. அவளுக்கு அதில் சந்தோஷம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் தகரத்தில் ராகம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

எனக்கு அந்தத் தகரச் சத்தம் ஆகாது. பள்ளிக்கூடத்துக்கு மேட்டுப் பாதையில் போகும்போது கீழே கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறேன்.

பள்ளி முடித்து எனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் இரண்டு பேரும் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். இனி சொல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். டாக்டர் படம் போட்டதிலிருந்து கஞ்சி வரைக்கும்.

அம்மா துவைப்பதை நிறுத்தவில்லை. அப்பாவின் சட்டையை இரண்டு பக்கமும் அடித்து, அலசிப் பிழிந்து, பாறையில் விரித்தாள். பிறகு கேட்டாள்.

"கஞ்சி குடிச்சேன்னு சொன்னேனே, அதத்தேன் சம்மதம்னு போய்ச் சொன்னியா?"

"ஆமா."

"ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு நானே தொடர்ந்தேன்.

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லிருப்பம்மா நீ. செத்துப்போயிருப்ப" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"வேணாம்னுதேன் சொல்லிருப்பேன். செத்தும் போயிருப்பேன். அது வேற" என்றாள் அந்தக் கரகரத்த குரலில். "என் கொரல்டி அது. எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்?"

அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். குமுளி வரைக்கும் ஜீப்பில் வந்து பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னலோர இடத்தில் உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை. படிப்பு நடந்த மூன்று வருஷமும் எழுத்துக் கூட்டி அவளே கடிதம் எழுதினாள். மழை, எடுப்பு, அப்பாவின் முட்டி வலி எல்லாம் இருக்கும். அந்த விஷயம் இருக்காது. விடுமுறைக்குப் போனால் கருவாடு வறுத்து வைத்திருப்பாள். சிரிப்பாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால், அதை அப்பாவிடமோ பக்கத்து வீட்டு அத்தையிடமோ இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வாள். மழை வருமா என்பதைக்கூட. அது எனக்கு வலித்தது. நியாயம்தான் என்றும் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் வேலையில் சேர்ந்த மறு வருஷம், அம்மாவுக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. எஸ்டேட் சீட்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் இருந்தது. டாக்டர் வேறு. அப்பாவால் நடக்க முடியவில்லை என்பதால் நான் லீவு போட்டுவிட்டு வந்து கூட்டிப் போனேன். முறைக்காகக் காத்திருந்தபோது வராந்தாப் பெஞ்சில் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"டாக்டர் சொல்றத அப்படியே சொல்லு. மிச்சம் வைக்காத."

"சரிம்மா."

டாக்டர் இளம் வயதுக்காரர். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் இங்கிலீஷில் பேசினார். அம்மா என் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. வீட்டுக்குக் கூட்டிப் போய் வலிக்கு மாத்திரை கொடுங்கள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே, "அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். வயிற்றில் புண் என்று சொல்லிவிடுங்கள், போதும்" என்றார்.

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வார்டில் எத்தனையோ பேரிடம் வயிற்றில் புண் என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையும் பதினான்கு வயதில் இருந்த அதே அளவுக்கு இருந்தது.

"ஈரல்ல புத்துநோய்ம்மா" என்றேன். "பரவிருச்சு. ஆப்பரேஷன் பண்ண முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு. வலிக்கு மாத்திர தருவாரு."

"எம்புட்டு நாளு?"

"ரெண்டு மாசம். மூணும் ஆகலாம்."

"பெறகு?"

"உங்கிட்ட இதச் சொல்ல வேணாம்னு சொன்னாரு."

டாக்டருக்குத் தமிழ் ஓரளவு புரிந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

"வேற ஒண்ணும் விடலயே?" என்றாள் அம்மா.

"விடலம்மா. அம்புட்டுத்தேன்."

அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். ஓடைக்கரையில் சொன்ன நாளிலிருந்து அவள் தானாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "சரி" என்றாள். "வா, ஒங்கப்பன்கிட்ட நான் சொல்லிக்குறேன்."